இரண்டு மருந்து போட்டும் ஃபிட்ஸ் நிற்கவில்லையா? பதின்வயதுப் பிள்ளைக்கு அடுத்து என்ன வழி?

காலையில் பல் தேய்க்கும்போது கையிலிருந்து பிரஷ் தெறித்து விழுகிறது. இன்னொரு நாள் பால் டம்ளர். "கவனம் எங்கடா இருக்கு? ராத்திரி பூரா போன் பாத்தா இப்படித்தான்" என்று அம்மா திட்டுகிறார். பையனும் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறான். சில மாதங்கள் கழித்து, பத்தாம் வகுப்புத் தேர்வுக்காக விடிய விடியப் படித்த ஒரு காலையில், வாசலில் ஷூ மாட்டிக்கொண்டிருந்தவன் அப்படியே சரிகிறான். கை கால் இழுக்கிறது, வாயில் நுரை தள்ளுகிறது. எதிர் வீட்டுக்காரர் ஓடிவந்து அவன் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கிறார்.

இது குறிப்பிட்ட ஒரு வீட்டில் நடந்த சம்பவம் அல்ல. 'ஜுவனைல் மையோக்ளோனிக் எபிலெப்சி' என்று மருத்துவர்கள் சொல்லும் வலிப்பு வகை பெரும்பாலும் இந்த வரிசையில்தான் வெளியே தெரியவருகிறது. பதின்வயதில் தொடங்கும், காலையில் கண் விழித்த கொஞ்ச நேரத்தில் கைகள் வெடுக்கென்று உதறும், தூக்கம் கெட்டால் பெரிய வலிப்பாக மாறும். பிரஷ் தெறித்து விழுந்ததை யாரும் மருத்துவரிடம் சொல்வதில்லை. அது நோயின் அறிகுறி என்று யாருக்கும் தோன்றுவதும் இல்லை.

உலகம் முழுவதும் சுமார் 5 கோடிப் பேர் வலிப்பு நோயோடு வாழ்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சரியாகக் கண்டறிந்து சரியான மருந்து கொடுத்தால் அவர்களில் 70 சதவீதம் பேர் வரை வலிப்பே இல்லாமல் இருக்க முடியும் என்பதும் அதே நிறுவனம் சொல்லும் கணக்குதான். அதாவது பெரும்பாலான வீடுகளில் இது மாத்திரையோடு அடங்கிவிடக்கூடிய நோய். அடங்காத மீதிப் பிள்ளைகளின் கதைதான் வேறு. மருந்து மேல் மருந்தாக மாற்றி, ஐந்து வருடம், எட்டு வருடம் ஓடிவிடுகிறது. அந்த வருடங்கள்தான் பள்ளி, கல்லூரி, நட்பு எல்லாம் உருவாகும் வருடங்கள்.

முதலில், இது என்ன வகை வலிப்பு?

'ஃபிட்ஸ்' என்ற ஒரு வார்த்தைக்குள் பல நோய்கள் இருக்கின்றன. மூளையின் இரு பக்கமும் ஒரே நேரத்தில் மின் அலை தாறுமாறாகப் பரவினால் ஒரு வகை. மூளையின் ஒரு மூலையில் மட்டும் தொடங்கினால் இன்னொரு வகை. இரண்டாவது வகையில் சில நேரம் கை கால் இழுக்கவே இழுக்காது. பிள்ளை ஒரு நிமிடம் வெறித்துப் பார்க்கும், வாயைச் சப்புக்கொட்டும், சட்டைப் பொத்தானை நோண்டும், கூப்பிட்டால் பதில் வராது. வகுப்பில் ஆசிரியர் இதைக் 'கனவு காண்றான்' என்று நினைத்துவிடுவார்.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம்? ஒரு வகைக்கு நன்றாக வேலை செய்யும் மருந்து இன்னொரு வகையை மோசமாக்கிவிடும். கார்பமாஸெபின், மூளையின் ஓரிடத்தில் தொடங்கும் வலிப்புக்கு நல்ல மருந்து. அதையே மேலே சொன்ன காலை உதறல் வகைக்குக் கொடுத்தால் உதறல் கூடலாம்.

எனவே முதல் சந்திப்பில் மருத்துவருக்கு மிகவும் உதவக்கூடியது, ஸ்கேனைவிடவும்கூட, நேரில் பார்த்தவர் சொல்லும் விவரம். எந்தக் கை முதலில் இழுத்தது, தலை எந்தப் பக்கம் திரும்பியது, எத்தனை நிமிடம், முந்தைய இரவு தூங்கினானா, முடிந்த பிறகு பேச்சு வர எவ்வளவு நேரம் ஆனது. பிள்ளையைப் பாதுகாப்பாகப் படுக்க வைத்த பிறகு ஒருவர் மொபைலில் வீடியோ எடுத்துவைத்தால் பாதிக் குழப்பம் தீரும். அந்த நேரத்தில் வீடியோ எடுப்பது மனசுக்குக் கஷ்டமான காரியம்தான். ஆனால் எந்தப் பரிசோதனையும் அதற்கு ஈடாகாது.

இ.இ.ஜி பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அரை மணி நேரம் எடுக்கும் அந்தப் பரிசோதனையில் ஒன்றும் தெரியவில்லை என்றால் வலிப்பு இல்லை என்று அர்த்தமில்லை. வலிப்பு நோய் உள்ள பலருக்கு முதல் இ.இ.ஜி சாதாரணமாகவே வரும். இரவு குறைவாகத் தூங்க வைத்து மறுநாள் எடுப்பது, தூக்கத்திலும் விழிப்பிலும் சேர்த்து எடுப்பது என்று வழிகள் உண்டு.

நம் ஊரில் ஒரு காரணத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். பன்றி நாடாப்புழுவின் முட்டை, சுத்தமில்லாத உணவு, தண்ணீர் வழியாக வயிற்றுக்குள் போய், அதன் இளம்புழு மூளையில் கட்டியாகத் தங்குவது. இந்த ஒட்டுண்ணி பரவலாக உள்ள பகுதிகளில், வலிப்பு நோயாளிகளில் சுமார் 30 சதவீதம் பேருக்கு இதுவே காரணம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். "நாங்க சுத்த சைவம், எங்களுக்கு எப்படி?" என்று கேட்கும் குடும்பங்கள் உண்டு. முட்டை வருவது இறைச்சியிலிருந்து அல்ல. நாடாப்புழு உள்ள மனிதரின் மலம் கலந்த மண், தண்ணீர், கழுவாத பச்சைக் காய்கறி, சமைப்பவரின் கை வழியாகத்தான் வருகிறது. ஸ்கேனில் தெரியும் இந்தச் சிறிய ஒற்றைக் கட்டியை ஒரு காலத்தில் மூளைக் காசநோய் என்று நினைத்து மாதக்கணக்கில் காசநோய் மாத்திரை கொடுத்ததும் நடந்திருக்கிறது. அவற்றில் பல உண்மையில் புழுக்கட்டிகள் என்பதை நிறுவியதில் வேலூர் சி.எம்.சி. மருத்துவர்களின் ஆய்வுகளுக்குப் பெரிய பங்கு உண்டு. பல பிள்ளைகளுக்கு இந்தக் கட்டி மருந்தோடு கரைந்து, வலிப்பு மாத்திரையையும் பிறகு நிறுத்திவிட முடிகிறது.

தென்னிந்தியாவில் அதிகம் காணப்படும் விசித்திரம் இன்னொன்று: தலைக்குச் சுடுதண்ணீர் ஊற்றும்போது மட்டும் வரும் வலிப்பு. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்கள். எண்ணெய்க் குளியல் அன்று மட்டும் பிள்ளை மயங்கி விழுந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

முதல் மருந்து: பலன் ஒரு பக்கம், பக்கவிளைவு ஒரு பக்கம்

24 மணி நேர இடைவெளிக்கு மேல், வேறு உடனடிக் காரணம் எதுவும் இல்லாமல் இரண்டு முறை வலிப்பு வந்தால் அதை வலிப்பு நோய் என்று கணக்கிடுகிறார்கள். ஒரே முறை வந்திருந்தாலும், மறுபடி வரும் வாய்ப்பு அதிகம் என்று பரிசோதனைகள் காட்டினால் மருந்து தொடங்கலாம். பொதுவாக ஒரே ஒரு மருந்து, குறைந்த அளவில் தொடங்கி மெதுவாக ஏற்றப்படும்.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் செய்யப்பட்டு 2000-ல் வெளியான ஓர் ஆய்வை நரம்பியல் மருத்துவர்கள் இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். புதிதாக மருந்து தொடங்கிய 470 பேரில் 47 சதவீதம் பேருக்கு முதல் மருந்திலேயே வலிப்பு நின்றது. இரண்டாவது மருந்தில் இன்னும் 13 சதவீதம் பேருக்கு. மூன்றாவது மருந்து, இரண்டு மருந்து சேர்த்து என்று போனபோது கூடுதலாகப் பலன் பெற்றவர்கள் வெறும் 4 சதவீதம். இந்த 4-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் பிற்பகுதி இந்த எண்ணைச் சுற்றித்தான்.

வலிப்பு நின்றால் மட்டும் போதுமா என்றால், பதின்வயதுப் பிள்ளைக்குப் போதாது. பழைய மருந்தான ஃபெனிடாயின் ஈறு வீங்க வைக்கும், முகத்தில் முடி வளர வைக்கும். பதினைந்து வயதுப் பெண்ணுக்கு அது சின்ன விஷயம் இல்லை. டோபிராமேட் எடுக்கும் சிலருக்குத் தெரிந்த வார்த்தையே நாக்கில் வராமல் நிற்கும், வைவா தேர்வில் மாட்டிக்கொள்வார்கள். லெவெடிராசெட்டம் இப்போது அதிகம் எழுதப்படும் மருந்து, நல்ல மருந்தும்கூட. ஆனால் சில பிள்ளைகளுக்கு அது கடும் எரிச்சலையும் கோபத்தையும் கொண்டுவருகிறது. "வயசு அப்படி, எதுக்கெடுத்தாலும் கத்துறான்" என்று வீட்டில் விட்டுவிடுகிறார்கள். மாத்திரை தொடங்கிய அல்லது அளவு ஏற்றிய தேதியையும் கோபம் தொடங்கிய தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். பொருந்தினால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும், மாற்று இருக்கிறது.

லாமோட்ரிஜின், கார்பமாஸெபின் போன்றவை தொடங்கிய முதல் சில வாரங்களில் தோலில் தடிப்பு, வாயில் புண், காய்ச்சல் வந்தால் அது காத்திருக்கும் விஷயமில்லை. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மகள் இருக்கும் வீட்டில் கட்டாயம் பேச வேண்டிய மருந்து வால்ப்ரோயேட். கர்ப்ப காலத்தில் தாய் இதை எடுத்துக்கொண்டால் பிறக்கும் 10 குழந்தைகளில் ஒன்றுக்குப் பிறவிக் குறைபாடு வரலாம். 10-ல் 3 முதல் 4 குழந்தைகளுக்குப் பேச்சு, கற்றல், வளர்ச்சியில் பிரச்சினை வரலாம். பிரிட்டன் 2018-ல் இதற்குக் கட்டுப்பாடு கொண்டுவந்து, 2024-ல் இன்னும் இறுக்கியது. கேரளத்தில் 1998-லிருந்து வலிப்பு நோயுள்ள கர்ப்பிணிகளையும் அவர்களின் குழந்தைகளையும் தொடர்ந்து கவனித்துவரும் பதிவேடு ஒன்று இயங்குகிறது.

சிக்கல் என்னவென்றால், காலை உதறல் வகை வலிப்புக்கு மிக நன்றாக வேலை செய்வதும் இதே வால்ப்ரோயேட்தான். அதனால் இது வெறும் 'ஆபத்தான மருந்து, தூக்கிப் போடு' கதை அல்ல. வேறு மருந்தில் அடங்குகிறதா என்று முதலில் பார்ப்பது, அடங்காவிட்டால் குறைந்த அளவில் இதையே கொடுப்பது, திருமணத்துக்கு வெகு முன்பே மாற்றத் திட்டமிடுவது என்று ஒவ்வொருவருக்கும் முடிவு வேறுபடும். "சின்னப் பொண்ணுகிட்ட கர்ப்பத்தைப் பத்தி என்ன பேச்சு" என்று அம்மாக்கள் கூச்சப்படுவதால் இந்த உரையாடலே பல வீடுகளில் நடப்பதில்லை. இதைப் படித்துவிட்டு மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது மட்டும் கூடவே கூடாது. நிற்காமல் தொடரும் வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

நிற்கவில்லை என்றால்: 'மருந்து தோற்றதா, வேறு ஏதாவதா?'

சரியாகத் தேர்ந்தெடுத்த இரண்டு மருந்துகளை, போதுமான அளவில், ஒழுங்காக எடுத்தும் வலிப்பு நிற்கவில்லை என்றால் அதை 'மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு' என்று சர்வதேச வலிப்பு எதிர்ப்புக் கழகம் 2010-ல் வரையறுத்தது. ஆறு மருந்து இல்லை, பத்து வருடம் இல்லை. இரண்டு மருந்து.

ஆனால் அந்த முத்திரையைக் குத்துவதற்கு முன் சில சந்தேகங்களைத் தீர்க்க வேண்டும். முதல் சந்தேகம், பிள்ளை நிஜமாகவே மாத்திரை போடுகிறதா? ஸ்கூல் டூர், நண்பன் வீட்டில் குரூப் ஸ்டடி, டியூஷன் முடிந்து களைப்பில் தூக்கம். இரவு மாத்திரை இப்படித்தான் விட்டுப்போகிறது. நண்பர்கள் முன்னால் டப்பாவைத் திறக்க வெட்கம். சில மருந்துகளுக்கு நாளுக்கு ஒருமுறை போடும் வகை இருக்கிறது, அதற்கு மாற்ற முடியுமா என்று கேட்கலாம். இன்னொன்று, பன்னிரண்டு வயதில் 35 கிலோ இருந்தபோது எழுதிய அளவே பதினாறு வயதில் 58 கிலோ இருக்கும்போதும் ஓடிக்கொண்டிருக்கலாம்.

அடுத்த சந்தேகம், வந்தது வலிப்புதானா? பார்ப்பதற்கு வலிப்பு போலவே இருக்கும், ஆனால் மூளையின் மின் அலையில் எந்தக் கோளாறும் இருக்காது. மன அழுத்தம் உடல் வழியாக வெளிப்படும் நிலை அது. பதின்வயதில் இதை அதிகம் பார்க்கலாம். இது நடிப்பு அல்ல, பேய் பிடித்ததும் அல்ல. அந்தப் பிள்ளைக்கு வலிப்பு மாத்திரையை எவ்வளவு ஏற்றினாலும் பலனில்லை, மனநல ஆலோசனைதான் சிகிச்சை. வீடியோவும் இ.இ.ஜியும் ஒரே நேரத்தில் பதிவாகும் பரிசோதனையில் இது தெரிந்துவிடும்.

'ஒரே டோஸில் நிரந்தரத் தீர்வு' விளம்பரங்களையும் இங்கேயே சொல்லிவிடலாம். மூலிகை என்று விற்கப்பட்ட சில மருந்துகளில் பழைய வலிப்பு மருந்தான ஃபீனோபார்பிட்டால் கலந்திருந்தது இந்தியாவில் கண்டறியப்பட்டிருக்கிறது. அளவு தெரியாமல் கலந்த அதே ஆங்கில மருந்தைத்தான் அந்தக் குடும்பங்கள் பெரும் பணம் கொடுத்து வாங்கியிருக்கின்றன.

அறுவை சிகிச்சை: கடைசி வழி என்று யார் சொன்னது?

தலையைத் திறப்பது என்றாலே குடும்பம் ஒடுங்கிப்போகிறது. நியாயமான பயம். அதனால் 'எல்லா மருந்தும் பாத்துட்டு, கடைசியா பாத்துக்கலாம்' என்று தள்ளிவைக்கிறார்கள். மூன்றாவது, நான்காவது மருந்தில் கிடைக்கக்கூடிய பலன் எவ்வளவு என்று மேலே பார்த்தோம்.

இந்தக் கேள்விக்கு மிக நேரடியான பதில் இந்தியாவிலிருந்தே வந்தது. டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் செய்த ஆய்வு, 2017-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளியானது. மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்புள்ள, 18 வயதுக்கு உட்பட்ட 116 பேர். 57 பேருக்கு மருந்தோடு உடனே அறுவை சிகிச்சை. மற்ற 59 பேர் காத்திருப்புப் பட்டியலில், மருந்து மட்டும். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில் 77 சதவீதம் பேருக்கு வலிப்பு இல்லை. மருந்து மட்டும் எடுத்தவர்களில் 7 சதவீதம்.

அதே ஆய்வின் இன்னொரு பக்கத்தையும் மறைக்கக் கூடாது. அறுவை சிகிச்சை செய்தவர்களில் 33 சதவீதம் பேருக்குத் தீவிரமான பாதிப்பு ஒன்றாவது ஏற்பட்டது. 15 பேருக்கு உடலின் ஒரு பக்கம் பலவீனமானது. மூளையின் ஒரு பாதியையே துண்டிக்கும் வகை அறுவை சிகிச்சையில் இது எதிர்பார்க்கப்படும் விளைவு. அந்தச் சிகிச்சை தேவைப்படும் பிள்ளைகளில் பலருக்கு அந்தப் பக்கம் ஏற்கெனவே பலவீனமாகத்தான் இருக்கும். எந்த இடத்தில், எவ்வளவு எடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்து ஆபத்து வெகுவாக மாறுகிறது. "என் பிள்ளைக்குச் செய்யப்போகும் ஆபரேஷனில் என்ன ஆகலாம்?" என்று குறிப்பாகக் கேட்க வேண்டும்.

எல்லோருக்கும் இது பொருந்தாது. வலிப்பு மூளையின் ஒரே இடத்திலிருந்து கிளம்ப வேண்டும், அந்த இடத்தை எடுத்தால் பேச்சோ நினைவோ கை அசைவோ பெரிதாகக் கெடக் கூடாது. காதுக்கு மேலே, பொட்டுப் பகுதியில் உள்ள மூளை மடலில் தழும்பு இருப்பவர்களுக்கு நல்ல பலன் கிடைக்கிறது. முதலில் சொன்ன காலை உதறல் வகைக்கு இந்த அறுவை சிகிச்சை இல்லை.

இதைத் தீர்மானிப்பதற்கான பரிசோதனையே பல நாள் வேலை. வலிப்புக்கென்றே எடுக்கப்படும் எம்.ஆர்.ஐ, நினைவாற்றல் மற்றும் மொழித் திறன் சோதனை, பிறகு வார்டில் சேர்த்து இரவும் பகலும் வீடியோ இ.இ.ஜி. அங்கே மாத்திரையைக் குறைத்து வலிப்பு வரக் காத்திருப்பார்கள். "ஃபிட்ஸ் வரக் கூடாதுன்னு வந்தா, இங்க வரவைக்கிறாங்களே" என்று பெற்றோர் பதறுவது இந்த இடத்தில்தான். வலிப்பு எங்கே தொடங்குகிறது என்று அது வந்தால்தானே தெரியும். மருத்துவர்களும் செவிலியர்களும் பக்கத்திலேயே இருக்கும் இடத்தில் அது வருவதுதான் பாதுகாப்பு.

திருவனந்தபுரத்தில் உள்ள மத்திய அரசு நிறுவனமான ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்தில் 1995-லிருந்து வலிப்புக்கான அறுவை சிகிச்சை நடக்கிறது. தென் மாவட்டங்களிலிருந்து பலரும் அங்கே போகிறார்கள். வேலூர் சி.எம்.சி., பெங்களூரு நிம்ஹான்ஸ் ஆகியவையும் உண்டு. சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை, மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை ஆகியவற்றின் நரம்பியல் துறைகளில் முதலில் காட்டி, அங்கிருந்து பரிந்துரை வாங்கலாம். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் எந்த மருத்துவமனையில் எந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு என்பதைத் திட்ட அலுவலரிடம் சேர்வதற்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது.

உணவும் கருவியும்

அறுவை சிகிச்சை பொருந்தாதவர்களுக்கு உணவுமுறை ஒரு வழி. கொழுப்பை அதிகமாக்கி மாவுச்சத்தை அடியோடு குறைக்கும் கீட்டோஜெனிக் உணவு, உடல் எடை குறைக்க வந்ததல்ல. 1921-லேயே அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் வலிப்புக்காகத்தான் தொடங்கியது. 2 முதல் 16 வயது வரையிலான 145 குழந்தைகளை வைத்து பிரிட்டனில் செய்யப்பட்ட ஆய்வு 2008-ல் வந்தது. மூன்று மாதத்தில், உணவுமுறைக்கு மாறியவர்களில் 38 சதவீதம் பேருக்கு வலிப்பு பாதிக்கு மேல் குறைந்தது. மாறாதவர்களில் 6 சதவீதம் பேருக்குத்தான்.

இட்லி, தோசை, சோறு இல்லாமல் ஒரு நாளைத் தமிழ் வீட்டில் ஓட்டுவது எப்படி? கைக்குழந்தைக்குச் செய்துவிடலாம். கேன்டீனில் நண்பர்களோடு பப்ஸ் சாப்பிடும் பதினாறு வயதுக்காரனுக்கு மிகக் கடினம். அதனால் பதின்வயதினருக்கு, கட்டுப்பாடு கொஞ்சம் தளர்ந்த 'மாடிஃபைடு அட்கின்ஸ்' முறையைப் பெரும்பாலும் பரிந்துரைக்கிறார்கள். முட்டை, பனீர், தேங்காய், வெண்ணெய், கீரை என்று நம் சமையலுக்குள்ளேயே ஓரளவு அமைத்துக்கொள்ள முடியும். யூடியூப் பார்த்து வீட்டில் தொடங்கக் கூடாது. சிறுநீரகக் கல், வளர்ச்சிக் குறைவு போன்ற பிரச்சினைகள் வரலாம், சில பிறவி வளர்சிதை மாற்றக் கோளாறுகளில் இது ஆபத்தாகவே முடியும்.

கழுத்தில் உள்ள வேகஸ் நரம்பைத் தூண்டும் கருவியை நெஞ்சுப் பகுதியில் தோலுக்கு அடியில் பொருத்துவது இன்னொரு வழி. 1997-லிருந்து பயன்பாட்டில் இருக்கிறது. வலிப்பை முழுதாக நிறுத்துவது அரிது, எண்ணிக்கையைக் குறைக்கும். செலவு பல லட்சம், சில ஆண்டுகளில் பேட்டரியும் மாற்ற வேண்டும்.

வீட்டில் யார் கையில் மாத்திரை டப்பா?

வலிப்பு வந்த பிள்ளையின் பின்னால் பெற்றோர் நிழலாக நடக்கத் தொடங்குகிறார்கள். சைக்கிள் வேண்டாம், விளையாட்டு வேண்டாம், தனியாகப் படுக்க வேண்டாம். பயம் புரிகிறது. ஆனால் பெரும்பாலான விளையாட்டுகளுக்குத் தடை தேவையில்லை. கண்டிப்பாக இருக்க வேண்டிய இடங்கள் சில உண்டு: கிணறு, குளம், கடல் எதுவாக இருந்தாலும் நீச்சல் தெரிந்த ஒருவர் கூட இல்லாமல் தண்ணீரில் இறங்கக் கூடாது. குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் வேண்டாம். மொட்டை மாடி விளிம்பு, அடுப்பு, உயரமான இடங்களில் கவனம். தூக்கம் விஷயத்தில் சமரசமே இல்லை. நீட் கோச்சிங்காக இருந்தாலும், கோயில் திருவிழாவாக இருந்தாலும்.

மாத்திரை டப்பா மெதுவாகப் பிள்ளையின் கைக்கு மாற வேண்டும். பதின்மூன்று வயதில் அம்மா எடுத்துக் கொடுக்கலாம். பதினைந்தில் பிள்ளையே எடுத்து, அம்மா சரிபார்க்கலாம். பதினேழில் மாத்திரையின் பெயர், அளவு, தீரும் தேதி மூன்றும் பிள்ளைக்கே தெரிந்திருக்க வேண்டும். ஹாஸ்டலுக்குப் போகும் நாளில் திடீரென்று கற்றுக்கொள்ள முடியாது. மது பற்றிய பேச்சும் அதற்கு முன்பே நடந்துவிட வேண்டும்.

சொல்லக் கஷ்டமான விஷயம் ஒன்று. வலிப்பு நோயுள்ளவர்களுக்கு, பெரும்பாலும் தூக்கத்தில், எதிர்பாராத திடீர் மரணம் அரிதாக நேர்கிறது. ஆண்டுக்கு 4,500 குழந்தைகளில் ஒருவர், 1,000 பெரியவர்களில் ஒருவர் என்பது அமெரிக்க நரம்பியல் அகாடமி 2017-ல் தந்த கணக்கு. பெரிய வலிப்பு அடிக்கடி வருபவர்களுக்கு ஆபத்து அதிகம். மாத்திரையை ஏன் விடக் கூடாது என்று பிள்ளைக்கு விளக்கும்போது, மிரட்டலாக இல்லாமல், இதையும் சொல்லத்தான் வேண்டும்.

மனச்சோர்வையும் கவனிக்க வேண்டும். வலிப்பு நோயுள்ள பதின்வயதினருக்கு அது மற்றவர்களைவிட அதிகம் வருகிறது. பேச்சு குறைந்தால், பிடித்த விஷயங்களை விட்டால், 'நான் இல்லன்னா உங்களுக்கு நிம்மதி' என்பது போன்ற சொற்கள் வந்தால் நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. டெலி மானஸ் உதவி எண் 14416-ல் தமிழிலும் பேசலாம்.

பள்ளியில் சொல்வதா, மறைப்பதா? மறைக்க வைப்பது பெரும்பாலும் எதிர்காலத் திருமணம் பற்றிய பயம். 1955-ம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பு நோய் திருமணத்துக்குத் தடையாக எழுதப்பட்டிருந்தது உண்மை. 1999-ல் நாடாளுமன்றம் அந்த வார்த்தையை நீக்கிவிட்டது. ஊர்ப் பேச்சில்தான் இன்னும் நீங்கவில்லை. ஓட்டுநர் உரிமம் மட்டும் இன்றும் சிக்கலாகவே இருக்கிறது. விண்ணப்பத்தோடு தரும் உடல்தகுதி உறுதிமொழியில் வலிப்பு உண்டா என்ற கேள்வி இருக்கிறது. பதினெட்டு ஆனதும் பைக் கேட்கும் பையனிடம் இதை முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது.

வகுப்பு ஆசிரியருக்கும் நெருங்கிய இரண்டு நண்பர்களுக்குமாவது தெரிந்திருக்க வேண்டும். காரணம் எளிமையானது. வலிப்பு வரும்போது பக்கத்தில் இருக்கப்போவது அவர்கள்தான். அவர்கள் செய்ய வேண்டியதும் அதிகமில்லை: நேரம் பார்க்க வேண்டும், சுற்றியுள்ள பெஞ்சை நகர்த்த வேண்டும், தலைக்கு அடியில் பையை வைத்து, ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். கை காலை அமுக்கிப் பிடிக்கக் கூடாது. வாயில் எதையும் வைக்கக் கூடாது, தண்ணீர் கொடுக்கக் கூடாது. ஐந்து நிமிடத்துக்கு மேல் போனாலோ, நினைவு வராமலே அடுத்தது வந்தாலோ 108. மூக்கில் அடிக்கும் மிடாசோலம் ஸ்பிரேயை மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தால் அது எந்தப் பையில், எந்த ஜிப்பில் இருக்கிறது என்பதும் அந்த நண்பர்களுக்குத் தெரிய வேண்டும்.

எதிர் வீட்டுக்காரரின் சாவிக்கொத்து? பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடங்களில் தானாகவே நின்றுவிடும். நிற்கும் நேரத்தில் கையில் சாவி இருந்தால் பெயர் சாவிக்குப் போகிறது.

அடுத்த ஓ.பி. நாளுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். வலிப்பு வந்த தேதி, நேரம், முந்தைய இரவுத் தூக்கம், விட்டுப்போன மாத்திரை, பெண்பிள்ளை என்றால் மாதவிடாய் நாள், சிலருக்கு வலிப்பு அதை ஒட்டியே வரும். இதுவரை எடுத்த மருந்துகளின் பெயரும் அளவும் ஒரு பக்கத்தில். இரண்டு மருந்து முடிந்திருந்தால் "வீடியோ இ.இ.ஜி எடுத்துப் பாக்கலாமா டாக்டர்? ஆபரேஷனுக்குப் பொருந்துமான்னு பெரிய சென்டருக்கு எழுதித் தர முடியுமா?" என்று கேட்கலாம். பிறகு ஐந்து நிமிடம் அம்மாவும் அப்பாவும் வெளியே போய் உட்கார்ந்தால், எந்த மாத்திரையை எத்தனை நாள் விட்டேன் என்று பிள்ளை டாக்டரிடம் சொல்லும்.